விசில் ஊதும்வரை

“நீங்க இன்னும் சாகலையா?”

“இல்லைங்க. இன்னும் கொஞ்சம் பேருக்கு டிக்கெட் கொடுக்க வேண்டியிருக்கு.”

“டிக்கெட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல செத்துடுங்க. பின் சீட்டு மொத்தமும் செத்தாச்சு. முன் சீட்டு இருமிக்கிட்டு இருக்கு. நீங்க மட்டும் நடுவுல நின்னு சில்லறை எண்ணிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கு?”

“நீங்க யாருங்க?”

“செத்தவங்க கேள்வி கேக்கக் கூடாது.”

“நான்தான் இன்னும் சாகலையே.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

கண்டக்டரைச் சாகச் சொன்ன பெண்மணி தலையிலிருந்து கால்வரை மஞ்சள் உறைக்குள் இருந்தார். முகத்துக்கு முன்னால் இருந்த கண்ணாடி அவர் மூச்சாலேயே மங்கிப்போயிருந்தது. கையில் ஓர் அட்டை, அட்டையில் நூலால் கட்டிய பென்சில். இறந்தவர்களுக்கும் இருமுகிறவர்களுக்கும் மதிப்பெண் போடுவது அவர் வேலை. துறையில் அவருக்கு மதிப்பெண் அம்மா என்று பெயர்.

துறை என்றால் நுண்ணுயிர்த் தாக்குதல் தடுப்பு ஆயத்தத் துறை. பகைவர் யாராவது கண்ணுக்குத் தெரியாத கிருமியை நகரத்துக்குள் தூவிவிட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே செய்து பார்ப்பதற்காக அமைக்கப்பட்டது. அன்று காலை அந்தத் துறையின் ஊழியர் ஒருவர் இந்த பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் முறைப்படி டிக்கெட் வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு தபால் உறையைப் பிரித்து மைதா மாவைத் தூவினார். அவர் கடைசி நிறுத்தம் வரைக்கும் டிக்கெட் வாங்கியிருந்தது கண்டக்டருக்குப் பல நாள் கழித்து நினைவுக்கு வந்தது. நாலாவது நிறுத்தத்தில் சாகப்போகிறவன் எதற்கு அவ்வளவு தூரத்துக்குக் காசு கொடுத்தான் என்று யோசித்தான்.

மாவு பறந்ததும் எங்கிருந்தோ மஞ்சள் உறைகள் ஓடி வந்தன. செருப்புக்கடைக்கு எதிரே பஸ்ஸை நிறுத்தி, சுற்றிலும் நாடா கட்டினார்கள். கதவுகளை வெளியிலிருந்து ஒட்டினார்கள். பயணிகளுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்து யார் யார் சாக வேண்டும், யார் யார் இரும வேண்டும் என்று பிரித்துவிட்டார்கள். வேலைக்குப் போகத் தாமதமாகிறதே என்று முதலில் கத்தியவர்கள்கூட, மதிப்பெண் உண்டு, பரிசு உண்டு என்றதும் மளமளவென்று சாய்ந்தார்கள். இருமலுக்கு ஒதுக்கப்பட்ட தையல்காரர் ஒருவர், செத்துப்போக அனுமதி கேட்டு மன்றாடிக்கொண்டிருந்தார்.

“மாப்ளே, எவ்வளவு நேரம்டா இது?” என்று முன்னாலிருந்து டிரைவர் கேட்டார்.

டிரைவர் கண்டக்டருடைய அக்காவின் கணவர். ஒரே பஸ்ஸில் இருவருக்கும் வேலை. வீட்டை அக்கா ஓட்டுகிறாள், பஸ்ஸை மாமா ஓட்டுகிறார், இரண்டு இடத்திலும் பின்னால் தொங்கிக்கொண்டு வருவது நான்தான் என்று கண்டக்டர் எல்லோரிடமும் சொல்வான்.

“விசில் ஊதினாத்தான் முடியுமாம் மாமா.”

“ஊதச் சொல்லு. இன்ஜின் சூட்டுல வேகுதுடா.”

விசில் துறைத் தலைவரிடம் இருந்தது. அவரும் நாடாவுக்கு அப்பால் மஞ்சள் உறைக்குள்தான் நின்றார். விசில் அவர் கழுத்தில், உறைக்கு உள்ளே, தொங்கிக்கொண்டிருந்தது. உறையை அணிந்தபடி அதை வாயில் வைக்க முடியாது. உறையைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் மருந்துத் தண்ணீரால் கழுவ வேண்டும். கழுவுவது ஒத்திகை முடிந்த பிறகுதான். ஒத்திகை முடிவதோ விசில் ஊதிய பிறகு. இதை விதிப் புத்தகத்தை எழுதிய குழு யோசித்திருக்கவில்லை. தலைவர் யோசித்தாரா என்று கண்ணாடி மங்கலாக இருந்ததால் தெரியவில்லை.

வெயில் ஏறியது. டிரைவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். பிறகு நெஞ்சில் கை வைத்தார்.

“மாப்ளே, இங்க வாடா. நெஞ்சை அடைக்குது.”

கண்டக்டர் சிரித்தான். “நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா மாமா? பரிசு தையல்காரருக்குத்தான். அவரை யாரும் அடிச்சுக்க முடியாது.”

“இல்லைடா.” டிரைவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது. “நிஜமாத்தான்டா. விசிலை ஊது. இது முடியட்டும்.”

அந்தக் குரலைக் கேட்ட பிறகு கண்டக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. தன் சட்டைப்பையிலிருந்த விசிலை எடுத்து ஊதினான். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிற்கணும், இரண்டு விசில் என்றால் போகணும். அவன் ஒன்றே ஒன்றுதான் ஊதினான், மூச்சு இருக்கிறவரைக்கும் நீளமாக. செருப்புக்கடையிலிருந்தவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். மஞ்சள் உறைகள் ஒரு கணம் அசைந்துவிட்டு மறுபடி நின்றன.

“அது பஸ் விசில்” என்று யாரோ சொன்னார்கள். “கணக்குல வராது.”

கண்டக்டர் கதவைத் தட்டினான். “இது நிஜம்ங்க! ஒத்திகை இல்லைங்க! எங்க மாமாவுக்கு நெஞ்சு வலி!”

மதிப்பெண் அம்மா வேகமாக எழுதினார். விதிப் புத்தகத்தின் முதல் விதியே அதுதான்: ஒத்திகையின்போது ‘இது நிஜம்’ என்று சொல்பவரை நம்பக் கூடாது. பகைவன் அப்படித்தான் சொல்வான். நன்றாக நடிப்பவனும் அப்படித்தான் சொல்வான்.

“ரொம்ப நல்லா பண்றீங்க” என்றார் அவர். “ஆனா கொஞ்சம் நிதானமா. அழுகை முந்திக்குது.”

ஆம்புலன்ஸ் இருபதடி தூரத்தில் நின்றது. அதற்குள் சாப்பாட்டுப் பொட்டலங்கள் இருந்தன.

டிரைவரின் தலை ஸ்டீயரிங்மீது சாய்ந்தது. நெற்றி ஹாரனை அழுத்திக்கொண்டது. அந்தச் சத்தம் நிற்கவேயில்லை. ‘ஒலி அமைப்பு மிகச் சிறப்பு’ என்று மதிப்பெண் அம்மா எழுதிக்கொண்டார்.

நல்லவேளையாக, சாப்பிடுவதற்காக உறையைக் கழற்றலாம் என்று விதியில் ஓரிடம் இருந்தது. தலைவர் காருக்குப் போனார், உறையைக் கழற்றினார், சாப்பிட்டார், கை கழுவினார், பல் குத்தினார். பிறகு கழுத்தில் ஏதோ தொங்குவதைக் கவனித்து, அதை எடுத்து ஊதினார். சாப்பாட்டுக்கு முன்பே ஊதியிருக்கலாமே என்று பின்னால் ஒரு பத்திரிகைக்காரர் கேட்டபோது, ஊதினால் ஒத்திகை முடிந்துவிடும், ஒத்திகை முடிந்த பிறகு ஒத்திகைச் சாப்பாடு சாப்பிடுவது அரசுப் பணத்தை வீணடிப்பதாகும் என்று விளக்கம் தரப்பட்டது.

விசில் கேட்டதும் செத்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். ஒருவரைத் தவிர.

*

ஒத்திகை மாபெரும் வெற்றி என்று துறை அறிவித்தது. கற்பனை உயிரிழப்பு ஏராளம், நிஜ உயிரிழப்பு பூஜ்யம். டிரைவரைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் பதில் தயாராக இருந்தது. ஒத்திகைக்குள் யாரும் நிஜமாகச் சாக முடியாது. எனவே அவர் விசிலுக்குப் பிறகுதான், தன் சொந்தப் பொறுப்பில், இறந்திருக்கிறார். விசிலுக்கு முன்னால் அவர் செய்தது அத்தனையும் நடிப்பு. அப்பேர்ப்பட்ட நடிப்பைத் துறை கௌரவிக்காமல் விடாது.

பாராட்டு விழாவில் அக்காவை மேடைக்கு அழைத்து, ‘சிறந்த நோயாளி’ என்று பொறித்த கேடயத்தைத் தலைவர் கொடுத்தார். தையல்காரருக்கு இரண்டாம் பரிசு. அவர் வாங்க மறுத்தார்.

“அவர் நிஜமாவே செத்தாருங்க. நான் நடிச்சேன். நியாயமா முதல் பரிசு எனக்குத்தானே வரணும்?”

அந்த நகரத்தில் அந்த உண்மையை மேடையில் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவரை மெதுவாகக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்கள்.

அக்கா ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று, “என் வீட்டுக்காரர் நடிக்கலைங்க” என்றாள்.

அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

அதற்குப் பிறகு அவர்கள் தெருவில் அந்த வீட்டுக்கு நடிகர் வீடு என்று பெயராகிவிட்டது. பால்காரர் முதற்கொண்டு அப்படித்தான் சொன்னார். பஸ் டிப்போவில் கண்டக்டரைப் பார்த்தால் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள். “உங்க மாமா அளவுக்கு வருதாப்பா?” என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கேடயம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அப்படித்தானே இருக்கும் என்று நம்பினார்கள்.

அக்கா கேடயத்தை ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜையின் காலுக்கு முட்டாக வைத்தாள்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம்டா தம்பி” என்றாள். “பணம் வேண்டாம், வேலை வேண்டாம். அந்த ஆளு ஒரே ஒரு தடவை தன் வாயால சொல்லணும். ‘அவர் நடிக்கலை. நிஜமாத்தான் செத்தார். நாங்க வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னோம்.’ அவ்வளவுதான். ஆனா தனியா கூப்பிட்டுச் சொல்லக் கூடாது. எந்த மேடையில கேடயம் கொடுத்தாரோ அதே மேடையில, எல்லார் காதிலயும் விழற மாதிரி சொல்லணும்.”

“சொல்ல மாட்டார்க்கா.”

“சொல்ல வை.”

*

ஆயத்தத் துறையின் வாசலில் ‘நிஜ நோயாளிகள் பின்வாசல் வழியாக வரவும்’ என்று பலகை இருந்தது. பின்வாசல் பூட்டியிருந்தது. கண்டக்டர் முன்வாசலில் நின்றபோது, உள்ளேயிருந்து ஒரு குமாஸ்தா தும்மினார்.

“பயிற்சியா, நிஜமா?” என்று மேலதிகாரி குரல் கொடுத்தார்.

“நிஜம்ங்கய்யா. ராத்திரியிலேர்ந்து காய்ச்சல்.”

“அப்ப லீவு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பு. இங்க பயிற்சி நடக்கிற நேரத்துல வந்து குழப்பம் பண்ணாதே.”

தலைவரின் அறை குளிர்ச்சியாக இருந்தது. சுவரெங்கும் ஒத்திகைகளின் புகைப்படங்கள். ரயில் நிலையத்தில் செத்தவர்கள், சந்தையில் செத்தவர்கள், பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாகச் செத்தவர்கள். எல்லாப் படத்திலும் ஓரத்தில் தலைவர் மஞ்சள் உறையில் நின்றார். முகம் தெரியாது என்பதால் ஒவ்வொன்றிலும் அவர் மார்பின்மீது பேனாவால் அம்புக்குறி போட்டிருந்தது.

கண்டக்டர் வந்த காரணத்தைச் சொன்னான். தலைவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட செய்தியைக் கேட்கிறபோது எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்பதற்கும் அவர் பயிற்சி எடுத்திருந்தார்.

“தம்பி, உன் வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா நீ சின்ன விஷயத்தைப் பாக்கிறே, நான் பெரிய விஷயத்தைப் பாக்கிறேன். உனக்கு ஒண்ணு சொல்றேன், வெளியே சொல்லாதே. நாளைக்கே நிஜமான கிருமி வந்துச்சுன்னு வை. எங்களால ஒரு மண்ணும் பண்ண முடியாது. மருந்து இல்லை. கட்டில் இல்லை. ஆம்புலன்ஸ் இருக்கு, அது சாப்பாடு கொண்டுவர வேண்டியிருக்கு. இதெல்லாம் ஜனங்களுக்குத் தெரிஞ்சா பயந்துடுவாங்களா இல்லையா?”

“பயப்படுவாங்க.”

“அதுக்குத்தான் ஒத்திகை. ஒத்திகையில எங்களை எவனாலயும் ஜெயிக்க முடியாது. இதுவரைக்கும் ஒரு தோல்வி உண்டா சொல்லு? ஜனங்க நிம்மதியா தூங்குறாங்கன்னா அது இந்த வெற்றியாலதான். இப்ப உங்க மாமா ஒத்திகைக்குள்ள நிஜமா செத்தார்னு நான் சொன்னா என்ன ஆகும்? நிஜத்துக்கு முன்னாடி நாங்க நின்னோம், ஒண்ணும் பண்ணலைன்னு ஆயிடும். ஒரு மனுஷன் செத்ததுக்காக மொத்த ஊரோட தூக்கத்தைக் கெடுக்கச் சொல்றியா?”

“ஒரு வார்த்தைதாங்க. அக்கா கேட்டுது.”

“அக்காவுக்குக் கேடயம் கொடுத்தாச்சே?”

“மேஜைக்கு அடியில வெச்சிருக்கு.”

“பாத்தியா, பயன்படுது.” தலைவர் எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். “உன்னையும் நாங்க மறக்கலை. அன்னிக்கு நீ ஊதினியே ஒரு விசில், அடேயப்பா! காதுக்குள்ள இன்னும் இருக்கு. அதைப் பத்தி ஆய்வுக் குழு பக்கம் பக்கமா எழுதியிருக்கு.”

ஆய்வுக் குழு கண்டுபிடித்தது இதுதான்: உறை அணிந்தவரால் விசில் ஊத முடியாது. எனவே விசில் ஊதுவதற்கென்று உறை அணியாத ஒருவர் வேண்டும். உறை அணியாதவர் கிருமியால் செத்துவிடுவாரே என்று ஓர் உறுப்பினர் ஆட்சேபித்தார். அப்படியானால் ஏற்கெனவே செத்தவராகப் பார்த்துப் போடலாம் என்று இன்னோர் உறுப்பினர் சொன்னார். அன்றைய ஒத்திகையில் கண்டக்டர் கடைசியில் செத்துவிட்டதாக மதிப்பெண் அம்மா குறித்து வைத்திருந்தார். எல்லாம் பொருந்தி வந்தது.

புதிதாக ஒரு விதியும் சேர்த்தார்கள். இனிமேல் அதிகாரபூர்வ விசில் ஒன்றுதான். அது விசில் அலுவலரின் கழுத்தில் இருக்கும். அவர் ஊதும்வரை, யார் சொன்னாலும், தலைவரே சொன்னாலும், ஒத்திகை முடியாது. ‘தலைவரே சொன்னாலும்’ என்பதைத் தலைவரே தன் கையால் சேர்த்தார். பத்திரிகையில் படிக்க நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

“விசில் அலுவலர்” என்றார் அவன் தோளைத் தட்டி. “சீருடை உண்டு. என்ன சொல்றே?”

கண்டக்டர் சுவரிலிருந்த புகைப்படங்களை வெகுநேரம் பார்த்தான். பிறகு, “எந்த ஒத்திகைக்குங்க?” என்று கேட்டான்.

“அடுத்த மாசம் மாபெரும் ஒத்திகை. வெளிநாட்டு விருந்தாளிங்க வர்றாங்க, அமைச்சர் வர்றார். இந்தத் தடவை முக்கிய நோயாளி யாரு தெரியுமா?” தலைவர் தன் நெஞ்சில் விரலை வைத்துக்காட்டினார். “நானேதான்.”

*

பயிற்சி நடந்தது. விசில் என்றால் என்ன, விசிலின் வரலாறு, விசிலும் தேசமும் என்று மூன்று வகுப்புகள். பயிற்சி கொடுக்க வந்தவர் வாழ்க்கையில் விசிலைத் தொட்டதில்லை. அதனால் படம் போட்டுக் காட்டினார். ஒரு தடவை ஊதிக் காட்டட்டுமா என்று கண்டக்டர் கேட்டபோது அவர் பதறிப்போனார். “ஊதினா வகுப்பு முடிஞ்சிடுமே!”

வீட்டில் சீருடையைப் பார்த்த அக்கா சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைக்காமல் தூரமாக வைத்தாள்.

“அவங்க சம்பளத்துலயா இந்த வீட்டுல சாப்பிடப் போறே?”

“அக்கா, நீயும் வா. போன தடவை பரிசு வாங்கினவங்களுக்கு முன் வரிசையில நாற்காலி உண்டாம்.”

“எதுக்கு? இன்னொரு தடவை கை தட்டறதைக் கேக்கவா?”

“மேடையில ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள அந்த ஆளு போறாரு. விசில் என் கழுத்துல இருக்கு.”

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தட்டைக் கிட்டே நகர்த்தி வைத்தாள். ஒரு கரண்டி கூடவே போட்டாள்.

*

கேடயம் கொடுத்த அதே மேடை. நடுவில் நாலு பக்கமும் கண்ணாடியால் ஆன தனிமை அறை. உள்ளே ஒரு கட்டில், ஒரு ஒலிவாங்கி, உள்ளே இருப்பவரின் மூச்சைக்கூட அரங்கம் முழுவதும் கேட்கச் செய்யும் ஒலிபெருக்கி. கெட்ட காற்றை வெளியே தள்ளுவதற்கு மேலே பெரிய விசிறி. மோட்டார் அடுத்த நிதியாண்டில் வருவதாக இருந்தது. கதவுக்கு வெளியிலிருந்துதான் தாழ்ப்பாள். அதன் இருபுறமும் இரண்டு காவலர்கள் முதுகைக் காட்டி நின்றார்கள். விசில் சத்தம் தவிர வேறெதற்கும் அசையக் கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு. நல்ல காவலர்கள்.

தலைவர் உள்ளே போவதற்கு முன் பேசினார்.

“ஒரு தலைவன் மக்கள் படும் துன்பத்தைத் தானும் பட வேண்டும். குறைந்தபட்சம் மதியச் சாப்பாடு வரைக்குமாவது பட வேண்டும். கிருமிக்கு ஏழை பணக்காரன் தெரியாது. ஆனால் இந்த அறைக்குத் தெரியும். இதற்குள் நோய் போகவும் முடியாது, வரவும் முடியாது. காற்றுகூட எங்கள் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது!”

வெளிநாட்டு விருந்தினர்கள் தலையசைத்தார்கள். அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் மஞ்சள் உறையை மாட்டிக்கொண்டு, கையசைத்து, உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. கண்டக்டர் மேடையின் ஓரத்தில், சிவப்பு நாடாவில் தொங்கிய விசிலோடு நின்றான்.

முதலில் தலைவர் அழகாக இருமினார். கட்டிலில் உட்கார்ந்து, நோயைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்று மக்களுக்குச் சொன்னார். மதிப்பெண் அம்மா சுமாரான மதிப்பெண் போட்டார். விளக்குகள் மேடைமேல் கொதித்தன. கண்ணாடி உள்பக்கம் வேர்க்கத் தொடங்கியது. தலைவர் பேச்சைச் சுருக்கிக்கொண்டு, கண்டக்டரைப் பார்த்துக் கையால் ஜாடை காட்டினார்.

கண்டக்டர் வேறு பக்கம் பார்த்தான்.

தலைவர் உறையின் முகமூடியை இழுத்துக் கழற்றினார். முகம் சிவந்திருந்தது. “போதும், முடிச்சுக்கலாம்” என்றார். அரங்கம் அமைதியாக ரசித்தது. “என்ன, காதுல விழலையா? ஊது!” எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினார். “காத்து வரலைய்யா! விசிறி ஓடலை! இது ஒத்திகை இல்லை, இது நிஜம்!”

முன் வரிசையில் அமைச்சர்தான் முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

“இத்தனை வருஷமா தெரியாமப் போச்சே” என்று மதிப்பெண் அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். “இவருக்குள்ள இப்படி ஒரு கலைஞன் இருந்திருக்கான்.”

தலைவர் கண்டக்டர் நின்ற பக்கமாகக் கண்ணாடியை ஒட்டி வந்தார். அவர் உள்ளங்கை பட்ட இடத்தில் ஈரம் வழிந்தது.

“தம்பி, உனக்கு என்ன வேணும்?”

கண்டக்டர் கண்ணாடிக்கு அருகில் போனான். “அன்னிக்கு வந்து கேட்டேனேங்க. ஒரு வார்த்தை.”

தலைவருக்கு அது நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதைத்தான் கண்டக்டரால் பொறுக்க முடியவில்லை. விசிலை இறுக்கிப் பிடித்தான்.

“சொல்றேன், சொல்றேன்” என்றார் தலைவர். ஒலிபெருக்கி அவர் மூச்சையும் சேர்த்து இரைந்தது. “அந்த டிரைவர் நடிக்கலை. நிஜமாத்தான் செத்தார். நெஞ்சு வலின்னு இவன் கத்தினான், எங்களுக்குக் கேட்டுச்சு. நாங்க வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னோம். நான் சாப்பிடப் போயிட்டேன். ஆம்புலன்ஸ்ல மருந்தே கிடையாது. போதுமா?”

வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்டக்டர் திரும்பி முன் வரிசையைப் பார்த்தான். அக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி பாதி எழுந்திருந்தாள்.

அப்போது கைதட்டல் தொடங்கியது. கூரை அதிர்ந்தது. தையல்காரர் பின் வரிசையிலிருந்து விசிலடித்தார், அது கணக்கில் வராது. மதிப்பெண் அம்மா அட்டையில் ‘மனம் திருந்தும் காட்சி, மிக இயல்பு’ என்று எழுதி, இதுவரை யாருக்கும் போட்டிராத முழு மதிப்பெண்ணைப் போட்டுக் கீழே கோடிட்டார்.

ஒத்திகை இன்னும் முடியாததால் ஒத்திகைச் சாப்பாடு தயாராக இருந்தது. அமைச்சர் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். வாசல் வழியாக நெய்யும் வெந்த கறியும் கலந்த வாசனை வந்தது.

“நீங்க வரலையா?” என்று மதிப்பெண் அம்மா படியிறங்கும்போது கேட்டார்.

“ஊதிட்டு வரேங்க.”

“அவசரமில்லை. நல்லா நேரம் கொடுங்க. இப்பத்தான் உச்சத்துக்கு வர்றார்.”

அரங்கம் காலியானது. முதுகைக் காட்டி நின்ற காவலர்கள் இருவர், மேடையில் கண்டக்டர், மேடைக்குக் கீழே அக்கா. பக்கத்துக் கூடத்திலிருந்து தட்டுகளின் சத்தம் கேட்டது. தலைவர் கட்டிலில் இல்லை. கண்ணாடியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். உறையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, சொல்லிட்டார்.”

“சொன்னாருடா. நான் கேட்ட வார்த்தை அத்தனையும் சொன்னாரு.” அக்கா மேடையின் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். “கை தட்டிட்டாங்க.”

“ஊதட்டுமா?”

“ஊதினா?”

“வெளியே வருவார்.”

“வந்து?”

கண்டக்டர் யோசித்துப் பார்த்தான். வெளியே வந்தால் தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எப்படி நடிச்சேன் பாத்தியா என்பார். அதற்கு ஒரு கேடயமும் வாங்குவார். விசிலுக்கு முன்னால் சொன்னது எதுவும் செல்லாது. விசிலுக்குப் பின்னால் அவர் சொல்லப்போவதில்லை.

தட்டுகளின் சத்தத்துக்கு நடுவே யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. பஸ் வருகிறதா என்று பார்ப்பவளைப் போல இருந்தாள்.

கண்டக்டர் விசிலை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான். உதட்டில் பட்ட உலோகம் சூடாக இருந்தது. ஒரு விசில் என்றால் நிற்கணும், இரண்டு விசில் என்றால் போகணும் என்று மாமா அவனுக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் சொன்னது நினைவுக்கு வந்தது.

உள்ளே தலைவர் மெல்லத் தலையைத் திருப்பினார். கண்ணாடியை ஒரு விரலால் தட்டினார். அரங்கம் முழுவதும் அந்தத் தட்டல் கேட்டது. பிறகு குரல் வந்தது. மேடைக் குரல் இல்லை, மிகச் சின்னக் குரல்.

“தம்பி... வெளியே வந்து திரும்பவும் சொல்றேன்ப்பா. எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுச் சொல்றேன். இது நடிப்பில்லை. விசிலை ஊதுப்பா.”